கடலுக்கடியில் காற்று எவ்வளவு மிச்சம்?

சமையல் நடுவில் அடுப்பு 'புஸ்'ஸென்று அடங்கிப் போகிற அவஸ்தை நமக்குப் புதிதா என்ன! குக்கரில் பருப்பு பாதி வெந்திருக்கும். ஸ்கூல் பஸ் வரப் பத்து நிமிஷம்தான் இருக்கும். அப்போது பார்த்து சிலிண்டர் தீர்ந்து போகும். முதல் நாளே தூக்கிப் பார்த்திருப்போம், ஆட்டிப் பார்த்திருப்போம். ஈரத் துணியால் சிலிண்டரைத் துடைத்து, எந்த மட்டம் வரை ஈரம் காயாமல் நிற்கிறது என்றும் பார்த்திருப்போம். "விஞ்ஞானம் இவ்வளவு வளர்ந்திருக்கே, இதுக்கு ஒரு முள் மீட்டர் வைக்கக் கூடாதா?" என்று அலுத்துக் கொள்ளாத இல்லத்தரசி உண்டா?

வைக்கலாம். வைத்தாலும் அவ்வளவாகப் பிரயோஜனம் இல்லை என்பதுதான் வேடிக்கை! நம் வீட்டு சிலிண்டரில் இருக்கும் 14.2 கிலோவும் பெரும்பாலும் திரவமாக இருக்கிறது. மேலே கொஞ்சம் ஆவி நிற்கிறது. அதைத்தான் அடுப்பு எரிக்கிறது. ஆவி குறையக் குறைய, திரவம் கொதித்து அந்த இடத்தை நிரப்பி விடும். அதனால் கடைசிச் சொட்டுத் திரவம் இருக்கிற வரை உள்ளே அழுத்தம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். முள் அசையாமல் நின்று விட்டு, கடைசியில் சட்டென்று விழுந்து விடும்.

ஆனால் கடலுக்கடியில் நீந்தப் போகிறவர்கள் முதுகில் கட்டிக் கொள்ளும் சிலிண்டர் வேறு ஜாதி. அதில் திரவம் கிடையாது. வெறும் காற்றை அமுக்கி அமுக்கி அடைத்திருப்பார்கள். பாதி தீர்ந்தால் அழுத்தமும் பாதியாகும், கால்வாசி இருந்தால் கால்வாசி காட்டும். அங்கே முள் பேசுவதுதான் கணக்கு. தூக்கிப் பார்த்தோ, தட்டிப் பார்த்தோ தெரிந்து கொள்ள, மேலே திரும்பி வந்தால்தானே முடியும்?

நெய்வேலியில் குடியிருப்பவளுக்கு ஸ்கூபா டைவிங்கைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நமக்குக் கடல் என்றால் கடலூர் சில்வர் பீச்சில் கால் நனைத்து விட்டுச் சுண்டல் வாங்கித் தின்று வருவதுதான். இங்கே நாங்கள் பார்த்த பள்ளமெல்லாம் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம்தான்! ஆனால் சென்னையில் வேலை பார்க்கும் என் இளைய மகள், சனி ஞாயிறுகளில் புதுச்சேரிக்குப் போய் இந்த நீச்சலைக் கற்றுக் கொண்டாள். நீச்சல் குளத்தில் முதல் பாடம், பிறகு படகில் ஏறி நடுக்கடல். "அம்மா, உள்ளே போனா மீனெல்லாம் நம்மளை வேடிக்கை பார்க்குது!" என்று போனில் அவள் சிரிக்கும்போது, இங்கே எனக்கு வயிற்றைக் கலக்கும். பயந்து கொண்டு சும்மா இருப்பதை விட, கேட்டுத் தெரிந்து கொள்வது மேல் என்று அவளிடமும், அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவரிடமும், அனல் மின் நிலையத்தில் மீட்டர்களோடேயே காலம் தள்ளும் என் கணவரிடமும் துளைத்துத் துளைத்துக் கேட்டதுதான் இந்தக் கட்டுரை.

வீட்டில் விவாதம் கிளம்பியது ஒரு சின்னச் சாமானை வைத்து. மகள் சொந்தமாக டைவிங் உபகரணம் வாங்கப் போகிறாள். காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டும் மீட்டரில் இரண்டு வகை இருக்கிறதாம். ஒன்று, சிலிண்டரின் வாயில் மாட்டும் ரெகுலேட்டரிலிருந்து ஒரு ரப்பர் ஹோஸ் வந்து, அதன் நுனியில் கடிகாரம் மாதிரி முள் மீட்டர் தொங்குவது. இன்னொன்று வயர்லெஸ். கட்டை விரல் பருமனில் ஓர் அனுப்பியை ரெகுலேட்டரில் திருகி விட்டால், அது கையில் கட்டிய கம்ப்யூட்டர் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்பும். ஹோஸே வேண்டாம். "கையைத் திருப்பினா போதும்மா, எல்லாம் தெரிஞ்சிடும்" என்கிறாள் மகள். "கண்ணுக்குத் தெரியாத சமாச்சாரத்தை நம்பித் தண்ணிக்குள்ள போவியா?" என்கிறார் அப்பா.

எவ்வளவு காற்று, எத்தனை நிமிஷம்?

இந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று பார்ப்பதற்கு முன், ஒரு சின்னக் கணக்கு. பள்ளிக்கூடக் கணக்குதான், பயப்பட வேண்டாம்.

சாதாரணமாக உபயோகிக்கிற அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 11 லிட்டர். அதாவது நம் வீட்டுப் பிளாஸ்டிக் வாளியை விடச் சிறியது! அதில் 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைக்கிறார்கள். 'பார்' என்றால், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. நம் குக்கரின் வெயிட்டைத் தூக்குகிற ஆவி சுமார் ஒரு கிலோ அழுத்தம்தான். அது போல இருநூறு மடங்கு. 11-ஐ 200-ஆல் பெருக்கினால் 2200 லிட்டர் காற்று. (பத்திரிகைகளில் 'ஆக்ஸிஜன் சிலிண்டரைக் கட்டிக் கொண்டு குதித்தார்' என்று எழுதுகிறார்களே, அது தப்பு. உள்ளே இருப்பது நாம் சுவாசிக்கிற இதே சாதாரணக் காற்றுதான். சுத்த ஆக்ஸிஜனை 6 மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் அதுவே விஷமாகி வலிப்பு வந்து விடும்.)

நீந்துகிற ஒருவருக்கு நிமிஷத்துக்கு 20 லிட்டர் காற்று வேண்டியிருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். கரையில் என்றால் 110 நிமிஷம் வரும். ஆனால் தண்ணீருக்குள் 10 மீட்டர் இறங்கினாலே சுற்றியுள்ள அழுத்தம் இரண்டு மடங்கு ஆகி விடுகிறது. நுரையீரல் நிரம்ப இரண்டு மடங்கு காற்று வேண்டும். 20 மீட்டரில் மூன்று மடங்கு. அங்கே நிமிஷத்துக்கு 60 லிட்டர் செலவு! கடைசி 50 பாரைத் தொடாமல் கரையேற வேண்டும் என்பது அவர்களது விதி. மிச்சம் 150 பார், அதாவது 1650 லிட்டர். வகுத்துப் பாருங்கள். அரை மணி கூட வராது. அதிலும் பயந்து போய் மூச்சு வாங்கினால் இன்னும் சீக்கிரம் தீரும். புதிதாகப் போகிறவர்களுக்கு, பக்கத்தில் இருப்பவரை விட முன்னாலேயே காற்றுத் தீர்வது சகஜமாம்.

ஆக, அந்த மீட்டர் அலங்காரச் சாமான் இல்லை. அது தப்புக் காட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் காலத்தில் மீட்டர் ஏது?

நம் தூத்துக்குடி முத்துக் குளிப்பு தெரியுமல்லவா? அங்கே சிலிண்டரும் இல்லை, மீட்டரும் இல்லை. காலில் கல்லைக் கட்டிக் கொண்டு ஒரே மூச்சில் அடியில் இறங்குவார்கள். மூச்சு முட்டும்போது கயிற்றை ஓர் இழுப்பு. மேலே படகில் இருப்பவர் அந்த இழுப்பை உணர்ந்த மறுகணமே தூக்கி விட வேண்டும். அந்தக் கயிற்றைப் பிடிக்கிற பொறுப்பை மனைவியின் உடன்பிறந்தவனுக்கே, அதாவது மச்சானுக்கே கொடுப்பது வழக்கம் என்று அந்தப் பக்கத்தில் பரம்பரையாகச் சொல்வார்கள். அவன் அசட்டையாக இருந்தால் தாலி அறுவது அவன் கூடப் பிறந்தவளுக்கு அல்லவா! இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்து விட்டது. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக் குளிப்பு நடந்தது 1961-ல்.

சங்கு எடுக்கப் போகிறவர்கள் பிற்பாடு படகில் கம்ப்ரஸரை வைத்து, நீண்ட குழாய் வழியே காற்றை வாங்கிச் சுவாசித்துக் கொண்டு இறங்க ஆரம்பித்தார்கள். முதுகில் சேமிப்பு எதுவும் கிடையாது. மேலே இஞ்சின் நின்றால் கீழே காற்றும் நின்றது. இஞ்சின் புகை கம்ப்ரஸருக்குள் போய் விட்டால், அந்தப் புகையையே சுவாசிக்க வேண்டும். வயிற்றுப்பாட்டுக்காக இப்படி இறங்குகிறவர்கள் இருக்கும்போது, பொழுதுபோக்குக்குப் போகிறவர்கள் எந்த மீட்டர் உசத்தி என்று சண்டை போடுவது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

முதுகில் சிலிண்டரோடு நீந்துகிற இன்றைய முறைக்கு வழி வகுத்தவர்கள் பிரான்ஸ் தேசத்தின் ழாக் கூஸ்தோவும், எமில் கஞ்ஞான் என்ற இஞ்சினீயரும். வருஷம் 1943. இதில் நமக்கு ருசிக்கிற விஷயம் ஒன்று உண்டு. யுத்த காலத்தில் பெட்ரோல் பஞ்சம். மோட்டார் கார்களைக் கேஸில் ஓட்டினார்கள். அந்தக் கேஸைத் தேவைக்குத் தக்கபடி இஞ்சினுக்கு விடுகிற ஒரு ரெகுலேட்டரைக் கஞ்ஞான் செய்து வைத்திருந்தார். இஞ்சின் இழுக்கும்போது கேஸ் கொடுப்பது, மனிதன் மூச்சிழுக்கும்போது காற்றுக் கொடுக்காதா என்று மாற்றி அமைத்ததுதான் ஸ்கூபா! நம் அடுப்பு ரெகுலேட்டருக்குத் தூரத்து உறவு என்று வைத்துக் கொள்ளுங்களேன்.

அப்போதெல்லாம் மீட்டரைத் தண்ணீருக்குள் கொண்டு போகிற வழக்கம் இல்லை. சிலிண்டர் வாயில் ஸ்பிரிங் வைத்த ஒரு வால்வு இருக்கும். காற்றுக் குறைந்ததும் மூச்சிழுப்பது கஷ்டமாகும். உடனே ஒரு கம்பியைக் கீழே இழுத்தால், ஒதுக்கி வைத்திருந்த மிச்சக் காற்று வரும். மேலே வந்து விடலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கம்பி முன்பே எதிலாவது பட்டுக் கீழே இறங்கியிருந்தால்? எச்சரிக்கையே வராமல், ஒதுக்கி வைத்ததும் சேர்ந்து தீர்ந்து போயிருக்கும். இதனால்தான் முள் மீட்டர் வந்ததும் எல்லாரும் அதையே பிடித்துக் கொண்டார்கள்.

முள் எப்படி நகர்கிறது?

திருவிழாக் கடைகளில் காகித ஊதல் விற்பார்கள். ஊதினால் சுருள் விரிந்து நீளும், விட்டால் மறுபடி சுருண்டு கொள்ளும். முள் மீட்டருக்குள் இருப்பது அதே தந்திரம்தான். வளைந்த, ஒரு முனை மூடிய ஓர் உலோகக் குழாய். உள்ளே அழுத்தம் ஏறினால் வளைவு கொஞ்சம் நிமிரும். அந்த நிமிர்வைச் சின்னப் பல்சக்கரம் வாங்கி முள்ளைத் திருப்பும். பூர்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1849-ல் கண்டு பிடித்தது. பாட்டரி இல்லை, கரண்ட் இல்லை. எங்கள் ஊர் அனல் மின் நிலையங்களில் நீராவிக் குழாய், தண்ணீர்க் குழாய், எண்ணெய்க் குழாய் என்று எங்கே திரும்பினாலும் இதன் அண்ணன் தம்பிகள்தான். முதல் அனல் மின் நிலையம் 1962-லிருந்து 2020 வரை ஓடியது. அங்கே என் கணவர் தினமும் இந்த முட்களின் முகத்தில்தான் விழித்தார். அவர் இதன் கட்சியில் இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் இதற்கும் வியாதி வரும். ஹோஸும் மீட்டரும் சேருகிற இடத்தில் சின்ன ரப்பர் வளையங்கள் உண்டு. நம் குக்கர் காஸ்கெட் மாதிரி அவை தேய்ந்து, குமிழி குமிழியாகக் காற்றுக் கசியும். இதுதான் அடிக்கடி வருகிற கோளாறு. கண்ணுக்குத் தெரியும், வளையத்தை மாற்றினால் சரியாகும். ஹோஸ் நாள்பட்டு வெடிப்பு விடலாம். மடித்து மடித்து வைத்தால் சீக்கிரம் விடும். ஹோஸ் வெடித்தால் சத்தமும் குமிழியும் ஆளைக் கதி கலங்க வைக்குமாம். ஆனால் நான் பயந்த அளவுக்கு ஆபத்து இல்லை. ரெகுலேட்டரில் அந்த ஹோஸுக்குக் காற்று போகிற துவாரம் குண்டூசி முனை அளவுதான். அதனால் காற்று மெதுவாகத்தான் போகும், பதறாமல் மேலே வர நேரம் இருக்கும். வாய்க்குக் காற்றுக் கொண்டு வரும் மற்ற ஹோஸில் அழுத்தம் குறைவு என்றாலும் துவாரம் பெரியது. அது வெடித்தால்தான் சிலிண்டர் மளமளவென்று காலியாகும்.

நிஜமாகவே மோசமான வியாதி இன்னொன்று. மீட்டருக்குள் உப்புத் தண்ணீர் புகுந்தோ, எங்கேயாவது மோதியோ, முள் ஓரிடத்தில் ஒட்டிக் கொண்டு விடுவது. சிலிண்டரில் 40 இருக்கும், முள் 90-ல் நிற்கும். முகத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. அபூர்வம்தான் என்கிறார்கள். ஆனால் நடக்கிறது.

வயர்லெஸ் என்கிற மாயம்

வயர்லெஸ் மீட்டர்கள் 1990-களில் பழக்கத்துக்கு வந்தவை. நம் செல்போன் அலை கடல் தண்ணீரில் ஒரு சாண் போவதற்குள் அடங்கி விடும். அதனால் இவை மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகளை உபயோகிக்கின்றன. அதுவும் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் தூரம்தான் எட்டும். முதுகிலிருந்து மணிக்கட்டுக்குப் போனால் போதாதா? சில விநாடிகளுக்கு ஒரு முறை 'இவ்வளவு இருக்கிறது' என்று சொல்லிக் கொண்டே இருக்கும்.

இதன் சௌகரியங்களை மறுக்க முடியாது. தொங்குகிற ஹோஸ் ஒன்று குறைகிறது. பவழப் பாறையில் உரசாது, சிக்காது. நீ மூச்சு விடுகிற வேகத்தில், இந்த ஆழத்தில் இன்னும் இத்தனை நிமிஷம் தங்கலாம் என்று கணக்குப் போட்டே காட்டி விடும். எழுத்தும் பெரிதாக இருக்கும். நாற்பதைத் தாண்டிய கண்களுக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம் என்று நமக்குத் தெரியாதா! கரைக்கு வந்ததும், எங்கே எவ்வளவு காற்றுச் செலவாயிற்று என்று நம் மளிகைக் கணக்கு மாதிரி எழுதியும் வைத்திருக்கும்.

குறைகளும் உண்டு. பாட்டரி தீரும். கையைப் பின்னால் நீட்டினாலோ, பக்கத்தில் காமிரா ஃபிளாஷோ நீருக்கடி ஸ்கூட்டரின் மோட்டாரோ இருந்தாலோ, செய்தி சில விநாடி அறுந்து போகலாம். பெரும்பாலும் தானாகவே ஒட்டிக் கொள்ளும். படகில் சிலிண்டரைத் தூக்குகிற பையன், துருத்திக் கொண்டிருக்கும் அனுப்பியைக் கைப்பிடி என்று நினைத்துப் பிடித்துத் தூக்கினால் உடைந்தும் போகும். ஒவ்வோர் அனுப்பிக்கும் ஓர் எண் உண்டு. கடிகாரம் அந்த எண்ணுக்குத்தான் காது கொடுக்கும். வாடகைச் சாமானில் இது மாறிப் போனால், பக்கத்தில் நீந்துகிறவரின் சிலிண்டரைப் பார்த்து விட்டு 'நமக்குத் தாராளமாக இருக்கிறது' என்று நினைத்துக் கொள்ளவும் வாய்ப்பு இருக்கிறது. விலையோ... ஓர் அனுப்பியின் விலைக்கு முள் மீட்டர் பல வாங்கி விடலாம்.

அப்பாவும் மகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இதை வைத்து வாதாடியதைக் கேட்டுக் கொண்டிருந்தபோது, எனக்கு ஒன்று பளிச்சென்று பட்டது. வயர்லெஸ் அடிக்கடி தவறலாம். ஆனால் தவறும்போது பெரும்பாலும் எண் இருக்கிற இடத்தில் கோடு போட்டுக் காட்டி, 'எனக்குத் தெரியவில்லை' என்று ஒப்புக் கொள்கிறது. முள் மீட்டர் மிக அபூர்வமாகத்தான் தவறும். ஆனால் ஒட்டிக் கொண்டால் கூசாமல் பொய் சொல்லும். வேலைக்கு ஆள் வைத்துப் பழகிய நமக்கு, இந்த இரண்டு சுபாவத்தில் எதற்கு எப்படிக் காவல் போடுவது என்று சொல்லித் தர வேண்டுமா?

தெரியவில்லை என்று கடிகாரம் சொன்னால், கீழே இருந்து கொண்டு அதை நோண்டிக் கொண்டிருக்கக் கூடாது. கூட்டாளிக்குச் சைகை காட்டி விட்டு, நிதானமாக மேலே வந்து விட வேண்டும். ஒட்டிக் கொள்ளும் முள்ளுக்கு மருந்து, போகும் முன்பே சோதிப்பது. சிலிண்டர் மூடியிருக்கும்போது முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். திறந்ததும் தடங்கலில்லாமல் ஏற வேண்டும். (திறக்கும்போது மீட்டரின் கண்ணாடி முகம் யார் முகத்துக்கும் நேராக இருக்கக் கூடாது. பழுதான மீட்டரில் கண்ணாடி தெறிக்கலாம்.) பிறகு வாயில் வைத்து நாலு மூச்சு இழுத்துக் கொண்டே முள்ளைப் பார்க்க வேண்டும். அசையாமல் நின்றால் சரி. ஒவ்வொரு மூச்சுக்கும் முள் விழுந்து விழுந்து எழுந்தால், சிலிண்டர் வால்வு முழுதும் திறக்கவில்லை என்று அர்த்தம். மேலே மூச்சு வரும். ஆழத்தில் போனதும் திணறும். இந்தத் துடிப்பை முள் உடனே காட்டிக் கொடுத்து விடும். சில விநாடிக்கு ஒரு முறை மட்டும் செய்தி அனுப்புகிற வயர்லெஸில் இது நழுவிப் போகலாம். எனக்கு முள்ளின் மேல் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான்.

கடைசியில் என் கணவரே ஒரு வழி சொன்னார். பாய்லருக்குத் தண்ணீர் மட்டம் பார்க்க ஒரு வழியை மட்டும் நம்ப மாட்டார்களாம். கண்ட்ரோல் ரூமில் எண் தெரியும். பாய்லர் பக்கத்திலேயே கண்ணாடிக் குழாயிலும் பார்த்துக் கொள்வார்கள். இரண்டும் ஒத்துப் போகவில்லை என்றால்தான் விஷயம் இருக்கிறது. "அது மாதிரி ரெண்டையும் மாட்டிக்கோ. வாட்சைப் பார்த்து நீந்து. கோடு விழுந்தா முள்ளைப் பாரு, பார்த்துக்கிட்டே மேலே வந்துடு" என்றார். மகள் முணுமுணுத்தாள், ஹோஸைக் குறைக்கத்தானே வயர்லெஸ்ஸே வாங்குகிறோம் என்று. அதுவும் நியாயம்தான். குட்டை ஹோஸில் சின்ன முள் மீட்டராக ஒன்றை வாங்கி, மார்புப் பக்கம் கிளிப்பில் மாட்டிக் கொள்ளச் சம்மதித்தாள். டைவிங் உலகத்தில் வயர்லெஸ் மட்டும் போதும் என்பவர்களும் நிறைய உண்டு. கூட்டாளியை விட்டு விலகாமல், ஆழம் குறைவாகப் போகிறவர்களுக்கு அது போதும் என்பது அவர்கள் கட்சி. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு முள் மீட்டர்தான் என்பது என் அபிப்பிராயம். செலவும் குறைவு, பாட்டரி கவலையும் இல்லை.

உங்கள் வீட்டிலிருந்தும் போகலாம்!

'இதெல்லாம் நமக்கெதற்கு' என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். அந்தமான் டூர் போகாத குடும்பம் உண்டா இப்போது? அங்கே ஹேவ்லாக் தீவில் (2018-லிருந்து அதன் பெயர் ஸ்வராஜ் தீவு) நீச்சல் தெரியாதவர்களைக் கூட ஒரு பயிற்சியாளர் பிடித்துக் கொண்டு கீழே அழைத்துப் போய்க் காட்டுகிறார். 2021 பிப்ரவரியில் சென்னை நீலாங்கரைக் கடலில் ஒரு ஜோடி தண்ணீருக்கடியில் மாலை மாற்றிக் கல்யாணமே செய்து கொண்டது. நாளைக்கு நம் வீட்டுப் பிள்ளையும் கேட்கும்.

அனுப்புவதற்கு முன் தயங்காமல் கேளுங்கள். என் பிள்ளையின் மீட்டர் எது? அதை அவனுக்குப் பார்க்கத் தெரியுமா, பயிற்சியாளர்தான் பார்ப்பாரா? எத்தனை 'பார்' வந்ததும் திரும்புவீர்கள்? ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற இடத்தில் பணத்தைக் கட்டுங்கள். "அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்மா" என்று மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். பிள்ளைக்கும் இரண்டே இரண்டு விஷயம் சொல்லி அனுப்புங்கள். தண்ணீருக்குள் மூச்சை அடக்கவே கூடாது. அடக்கிக் கொண்டு மேலே வந்தால் நுரையீரலில் இருக்கும் காற்று விரிந்து கிழித்து விடும். காது வலித்தால் உடனே சைகை காட்ட வேண்டும்.

ஆஸ்துமா, காதில் சீழ், இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. கர்ப்பிணிகள் கூடவே கூடாது. இதில் 'கொஞ்ச நேரம்தானே' என்ற பேச்சுக்கே இடமில்லை. பொதுவாகப் பத்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளைக் கடலில் இறக்குவதில்லை. இன்னொன்றையும் குறித்துக் கொள்ளுங்கள். கடலிலிருந்து ஏறி 18 மணி நேரமாவது ஆகாமல் விமானம் ஏறக் கூடாது. உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன், மேலே அழுத்தம் குறைந்ததும் சோடா பாட்டில் திறந்தாற் போலக் குமிழி விட்டு, மூட்டுவலியிலிருந்து பக்கவாதம் வரை கொண்டு விடலாம். அந்தமானில் கடைசி நாள் காலையில் டைவிங், மத்தியானம் சென்னைக்கு விமானம் என்று யாராவது புரோகிராம் போட்டுக் கொடுத்தால் மாற்றச் சொல்லுங்கள்.

வீட்டு ஆக்ஸிஜன் சிலிண்டருக்கும் இதே முள்

இதையெல்லாம் தெரிந்து கொண்டதில் எனக்கு நேரடியாகக் கிடைத்த லாபம் கடலில் இல்லை, படுக்கை அறையில்! வயதான மாமனாருக்கு மூச்சுத் திணறலுக்காக டாக்டர் சொல்லி, வீட்டில் ஆக்ஸிஜன் வைத்திருக்கிறோம். 2021 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனா இரண்டாவது அலையின்போது, இந்த சிலிண்டருக்காக ஊர் ஊராக ஜனங்கள் அலைந்ததை யார் மறப்பார்கள்? அப்போது பல வீடுகளில், சிலிண்டர் வந்து சேர்ந்த பிறகும், இது எத்தனை மணி தாங்கும் என்று தெரியாமல் தவித்தார்கள்.

அதில் இரண்டு அளவு காட்டும். தண்ணீர் பாட்டிலுக்கு மேலே கண்ணாடிக் குழாயில் மிதக்கிற சின்னக் குண்டு, நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் போகிறது என்று சொல்லும். வட்டமான முள் மீட்டர், உள்ளே எவ்வளவு மிச்சம் என்று சொல்லும். குண்டு நன்றாக மிதக்கிறது, அதனால் சிலிண்டர் நிறைய இருக்கிறது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். குண்டு கடைசி வரை மிதந்து கொண்டுதான் இருக்கும்.

கணக்கு, கடலில் போட்ட அதே கணக்குதான். வீட்டுக்குக் கொண்டு வருகிற 'பி' டைப் சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 10 லிட்டர். முள் 150-ல் இருந்தால் 1500 லிட்டர். டாக்டர் 2 லிட்டர் வைக்கச் சொல்லியிருந்தால் 750 நிமிஷம், அதாவது பன்னிரண்டரை மணி. முள் 100-க்கு வந்தால் எட்டு மணியும் சொச்சமும். 50-க்கு வந்தால் நாலு மணி. ராத்திரி பத்து மணிக்குப் படுக்கும் முன் முள் 60-ல் நிற்கிறது என்றால் ஐந்து மணி நேரம்தான். விடியற்காலை மூன்று மணிக்குத் தீர்ந்து விடும். அப்போது எழுந்து தேடுவதை விட, பத்து மணிக்கே மாற்றி விடலாம். கொஞ்சம் மிச்சமிருக்கிற அந்தப் பழைய சிலிண்டரைப் பகலில் உபயோகித்துக் கொள்ளலாம்.

நான் ஒரு காகிதத்தில் 150, 125, 100, 75, 50 என்று எழுதி, எதிரே எத்தனை மணி என்று குறித்து, சிலிண்டருக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். ராத்திரி துணைக்கு வருகிற பெண்ணுக்கும் அது சுலபமாகப் புரிகிறது. சிலிண்டரை நிமிர்த்தி வைத்துச் சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டி விடுங்கள். அந்த அறையில் விளக்கேற்றுவது, ஊதுவத்தி, கொசுவர்த்தி எதுவும் வேண்டாம். தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடோ, தைலம் தடவிய கையோடோ வால்வைத் தொடாதீர்கள். அழுத்தமான ஆக்ஸிஜனும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். வால்வு இறுகிக் கொண்டால் எண்ணெய் விட்டு இளக்கப் பார்க்காமல், சிலிண்டர் கொடுத்த கடைக்காரரையே கூப்பிட்டுத் திறக்கச் சொல்லுங்கள்.